குழந்தை டாக்டர் விஷயத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

காய்ச்சல் வந்தால் குழந்தை டாக்டரிடம் ஓடுகிறோம், விட்டதும் அவரை மறந்துவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால் அவருடைய முக்கியமான வேலை குழந்தை நன்றாக இருக்கும்போதுதான் நடக்க வேண்டும். எடை சரியாக ஏறுகிறதா, தலைச் சுற்றளவு வளர்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, வயதுக்கேற்ற பேச்சு வந்திருக்கிறதா என்பதையெல்லாம் 102 டிகிரி காய்ச்சலில் அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் பார்க்க முடியாது.

எடையையே எடுத்துக்கொள்வோம். பிறந்த எடை சுமார் ஐந்து மாதத்தில் இரண்டு மடங்கும் ஒரு வயதில் மூன்று மடங்கும் ஆக வேண்டும். என்றைக்கோ ஒருநாள் பார்த்த எடை தனியாக எதையும் சொல்லாது. போன மாதமும் அதற்கு முந்தைய மாதமும் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் எடையின் வளர்ச்சிக் கோடு (ஏறாமல்) தட்டையாகிறதா என்று டாக்டரால் சொல்ல முடியும். அதனால் மூன்று டாக்டர்களிடம் மூன்று சீட்டுகளாகச் சிதறிக் கிடக்கும் விவரம் குழந்தைக்குப் பயன்படுவதில்லை. ஒரே ஃபைல், கூடுமானவரை ஒரே டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளில் காய்ச்சல் விடவில்லை என்றதும் 'கைராசி' டாக்டரைத் தேடி வேறு இடத்துக்குப் போவதும் இதனால்தான் ஆபத்து. வைரஸ் காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாள் வரை நீடிப்பது சகஜம். மூன்றாம் நாள் புது டாக்டரிடம் போனால் அவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் நாள் குழந்தை எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தேவையில்லாத ஆன்டிபயாடிக் நுழைவதும், ஏற்கெனவே தரப்பட்டது பாதியில் மாறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலில் பார்த்த டாக்டரிடமே திரும்பிப் போய், "விடவில்லை, இப்போது இப்படி இருக்கிறது" என்று சொல்வதுதான் நல்லது.

பேச்சு தாமதமானால் வீட்டில் தயாராக ஒரு பதில் இருக்கும்: "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்." தாத்தா பாட்டி ஆறுதலுக்காகச் சொல்வது அது. ஆனால் 18 மாதத்தில் நடக்கவில்லை, அர்த்தமுள்ள சில சொற்கள்கூட வரவில்லை, இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' மாதிரி இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். காது கேட்கிறதா என்று பரிசோதிப்பதில் தொடங்கி, ஆட்டிசம் இருக்குமா என்று பார்ப்பது வரை டாக்டர் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மூளை வேகமாக வளரும் காலம் அது, அப்போது தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். இதற்கென்றே அரசு நடத்தும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் சேவை இலவசம்.

மருந்து பாட்டிலைச் சரியாகப் படியுங்கள்

வீட்டில் நடக்கும் தவறுகளில் என்னை அதிகம் பயமுறுத்துவது பாராசிட்டமால்தான். பாதுகாப்பான மருந்துதான், ஆனால் மூன்று வலிமைகளில் கிடைக்கிறது. டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 125. இன்னொரு சிரப்பில் 5 மில்லிக்கு 250. குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்தால், 125 சிரப்பில் அது 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, டிராப்ஸில் ஒன்றரை மில்லி.

இப்போது பாருங்கள். டாக்டர் 6 மில்லி எழுதியிருக்கிறார். அந்த பாட்டில் தீர்ந்துவிட்டது. மருந்துக்கடையில் அதே பெயரில் 250 கிடைக்கிறது. பழைய நினைப்பில் அதே 6 மில்லி ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். டிராப்ஸில் 6 மில்லி கொடுத்தால் நான்கு மடங்கு. ஒருநாளில் இப்படி நாலு வேளை போனால் கல்லீரல் தாங்காது. மில்லியை மட்டும் நினைவில் வைக்காமல் பாட்டிலில் உள்ள வலிமையையும் சேர்த்து எழுதி வையுங்கள். டாக்டர் சீட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், மருந்தோடு வரும் மூடியோ சிரிஞ்சோ போதும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலிலிருந்து ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும்.

அப்புறம் இருமல் சிரப். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரியவந்தது. அதை அந்தக் குழந்தைகளுக்கு எழுதிக் கொடுத்தவர்களும் டாக்டர்கள்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த அக்டோபரிலேயே மத்திய அரசு, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது. சாதாரண இருமல் தானாகவே அடங்கும். எனவே சிரப் எழுதினால் "இது அவசியமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். எழுதாவிட்டால் "ஒண்ணுமே எழுதல" என்று குறைப்படாதீர்கள். பெற்றோர் திருப்திக்காக எழுதப்படும் மருந்துகள் நம் ஊரில் கொஞ்சமல்ல.

வயிற்றுப்போக்கில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது, கொடுக்க வேண்டியதைச் சரியாகக் கொடுப்பதில்லை. பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதில் கொஞ்சத்தை டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு அதிகமாகி ஆபத்து, நிறையத் தண்ணீர் விட்டால் பலனில்லை. கலக்கிய நீரை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கூடவே கொடுக்கும் ஜிங்க் மருந்தை, பேதி நின்றதும் நிறுத்தாமல் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

கடையில் ஓஆர்எஸ் என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் மக்களைக் குழப்பின. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் தனியாகப் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் 'ஓஆர்எஸ்' என்ற சொல்லே வரக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஒரு குழந்தை மருத்துவர் தன் கிளினிக்குக்கு வெளியே எத்தனை குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

காத்திருக்கவே கூடாத நேரம்

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டால் அது அவசரம். மருந்துக்கடைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சளி, இருமல் உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். டாக்டரிடம் ஃபோனில் இந்த எண்ணிக்கையைச் சொன்னாலே அவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பது, வாயில் ஸ்பூன் திணிப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். ஒருபக்கமாகப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் நின்றாலும் அன்றே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். தொக்கம் எடுப்பது, சூடு வைப்பது, பிறந்த குழந்தைக்குத் தேன் நக்க வைப்பது ஆகியவற்றை முற்றாக நிறுத்திவிட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சுத்தாக்கம் வரலாம்.

தடுப்பூசியில் ஒன்றரை வயது வரை எல்லோரும் ஒழுங்காகத்தான் இருக்கிறோம். அதன்பின் 5 வயது டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) பூஸ்டரும், 10, 16 வயது டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்) ஊசிகளும் நழுவிவிடுகின்றன. லேசான சளி இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒரு தவணை விட்டுப்போனாலும் பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பத்து வயதுக்கு மேல் யாரிடம் போவது?

ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டால் "இனி எதுக்குக் குழந்தை டாக்டர்?" என்கிறோம். அவர்கள் 18 வயது வரை பார்க்கிறார்கள், வளரிளம் பருவத்துக்கு அவர்கள்தான் பொருத்தமானவர்கள்.

மகளின் பின்கழுத்து கறுத்திருக்கிறது. அழுக்கு என்று நினைத்து அம்மா கடலை மாவு போட்டுத் தேய்க்கிறார். தோல் தடித்து வெல்வெட் மாதிரி கறுத்திருந்தால் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டிய நேரம் அது. இன்னொரு பிள்ளை எப்போதும் சோர்ந்து படுக்கிறது, வீட்டில் சோம்பேறிப் பட்டம் கிடைக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பையிலேயே வைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் திட்டலாம். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி, பையனுக்கு 9 வயதுக்கு முன் பருவ மாற்றம், 15 வயதாகியும் பூப்படையாதது, இவற்றைச் சொந்தக்காரர்களிடம் விசாரிப்பதைவிட டாக்டரிடம் கேட்பதே சரி.

பெரும்பாலான ஆலோசனை அறைகளில் நான் கவனிக்கும் ஒன்று: கேள்வி பிள்ளையிடம், பதில் அம்மாவிடமிருந்து. "தூக்கம் எப்படிப்பா?" என்று பதினான்கு வயதுப் பையனைப் பார்த்து டாக்டர் கேட்டால், "ராத்திரி பூரா செல்போன்தான் டாக்டர்" என்று பதில் வந்துவிடும். பையன் தரையைப் பார்ப்பான். ஐந்து நிமிடம் வெளியே உட்காருங்கள். புகை, கேலி, தேர்வு பயம், உடலைப் பற்றிய வெட்கம், யாரோ தொட்டது என்று அவர்கள் பெற்றோர் முன்னால் சொல்லாத விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும். உயிருக்கு ஆபத்தான விஷயமென்றால் டாக்டர் உங்களிடம் சொல்வார், மற்றதை ரகசியமாக வைப்பார். அந்த நம்பிக்கை இருந்தால்தான் அடுத்த முறையும் பிள்ளை பேசும். மனம் சார்ந்த உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

முதல் வகைச் சர்க்கரை நோய், வலிப்பு, பிறவி இதயக் குறை உள்ள பிள்ளைகளுக்கு இன்னொரு கண்டமும் உண்டு. 18 வயதில் குழந்தை மருத்துவரை விட்டு, புது டாக்டரைத் தேடாமல், கல்லூரி விடுதிக்குப் போய்விடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே யாரிடம் தொடர்வது என்று குழந்தை டாக்டரிடம் கேட்டு, அவர் கையாலேயே ஒரு சுருக்கக் குறிப்பு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது எடுக்கும் மருந்தும் அளவும், கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) அல்லது இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) அறிக்கை, ஒவ்வாமை, போட்ட தடுப்பூசிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு நகல் பிள்ளையின் பெட்டியில், ஒரு படம் பிள்ளையின் செல்போனில்.