எட்டும் எய்ட்டும் உறவா?

ஆங்கிலத்தில் ‘எய்ட்’, தமிழில் ‘எட்டு’, அப்படியானால் வேர் ஒன்றுதான் என்று நம்மில் பலர் அடித்துச் சொல்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடும்போது நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். இன்று காதில் விழும் ஒலியை வைத்து உறவு கொண்டாடிவிடுகிறோம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘எயஹ்தா’ என்பதுபோல ஒலித்தது. ஜெர்மனில் இன்றும் ‘அஹ்ட்’, லத்தீனில் ‘ஒக்தோ’. நடுவில் இருந்த ‘ஹ்’ ஒலி ஆங்கிலத்தில் தேய்ந்துபோனது. எழுதும்போது வாய் திறக்காமல் நிற்கும் ஜி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகள் அதன் தடம். சரி, நம் எட்டு? எண்பது, எண்ணூறு, கன்னடத்தின் ‘எண்டு’ எல்லாவற்றிலும் மூக்கொலி இருக்கிறது. பழைய வடிவங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை கரைந்துவிடுகிறது.

உண்மையான உறவு பெரும்பாலும் வேறு முகத்தோடு வரும். 1822இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோப் கிரிம் விளக்கிய விதிப்படி, லத்தீன் சொல்லின் தொடக்கத்தில் ‘க’ இருந்தால், ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ வரும். கொம்பு லத்தீனில் ‘கோர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு ‘ஹேவ்’. லத்தீனின் ‘ஹபேரே’வுக்கும் அதே பொருள், ஏறக்குறைய அதே ஒலி. ஆனாலும் இரண்டும் உறவில்லை. ‘ஹேவ்’ என்பதன் உடன்பிறப்பு, ‘பிடி’ என்று பொருள்படும் லத்தீன் ‘கபேரே’.

அப்புறம், ஜெர்மன் மொழியை ஆங்கிலத்தின் தாய் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே மூல ஜெர்மானிய மொழியின் பிள்ளைகள். தண்ணீருக்கு ஆங்கிலத்தில் ‘வாட்டர்’, ஜெர்மனில் ‘வாசர்’. இதில் பழைய ‘ட’ ஒலியைக் காத்து வைத்திருப்பது ஆங்கிலம், மாறிப்போனது ஜெர்மன்.

எழுத்துக்கூட்டலையும் கண்ணை மூடி நம்ப முடியாது. ‘எய்ட்’டில் வழிகாட்டிய எழுத்துக்கூட்டல் ‘ஐலண்ட்’டில் திசை திருப்பிவிடும். அதிலுள்ள எஸ் எழுத்தைப் பார்த்து, லத்தீனின் ‘இன்சுலா’தான் வேர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது பழைய ஆங்கிலத்தில் ‘ஈய்லண்ட்’, தூய ஜெர்மானியச் சொல். லத்தீன் வழியில் வந்த ‘ஐல்’ என்ற வேறொரு சொல்லைப் பார்த்துத்தான் பின்னாளில் அந்த எஸ்ஸைச் செருகினார்கள்.