'பலமான பொருள்' என்று தேடும்போது நேரும் தவறுகள்

ஒரு எஃகுச் சட்டம் பாரம் தாங்காமல் தொய்கிறது. "இதைவிட பலமான ஸ்டீல் போட்டால் சரியாகிவிடும்" என்று உயர்ந்த தரத்தில், அதே அளவில் வேறொன்றை மாட்டுகிறார்கள். பாரத்தை ஏற்றினால் அதே தொய்வு. பொருளறிவியலில் புதிதாக நுழைபவர்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். 'பலம்' என்ற ஒரே மூட்டைக்குள் நாலைந்து தனித்தனிக் குணங்களைப் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

தொய்வைத் தீர்மானிப்பது விறைப்பு. அதை யங் குணகத்தால் அளக்கிறோம். எஃகு எந்தத் தரமானாலும் அது 200 கிகாபாஸ்கலை ஒட்டியே இருக்கும். வலிமை வேறு கணக்கு. சாதாரணக் கட்டுமான எஃகு சுமார் 250 மெகாபாஸ்கல் தகைவில், அதாவது ஓரலகுப் பரப்பு தாங்கும் விசையில், மீளாமல் வளையத் தொடங்கும். பதனிட்ட கலப்பு எஃகு 1000-ஐத் தாண்டியும் நிற்கும். ஆனால் 250-ஐ எட்டும்வரை இரண்டும் ஒரே அளவுதான் வளையும். விறைப்பு அணுக்களின் பிணைப்பிலிருந்து வருகிறது. கொஞ்சம் கார்பன் சேர்த்தாலோ சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தாலோ அந்தப் பிணைப்பு பெரிதாக மாறாது. தொய்வுதான் பிரச்சினை என்றால் வடிவத்தில் கைவையுங்கள். செவ்வகச் சட்டத்தின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அடுத்தது, கடினமானது உடையாது என்ற நம்பிக்கை. இரும்பைத் தேய்க்கும் அரத்தைப் பாருங்கள். அவ்வளவு கடினமான அதை வைஸில் பிடித்து வளைக்கப் பார்த்தால் வளையாமல் படக்கென்று முறியும். கீறலையும் தழும்பையும் எதிர்ப்பது கடினத்தன்மை. விரிசல் ஓடாமல் பிடித்து நிறுத்துவது வேறொரு குணம். பட்டறையில் அதை டஃப்னஸ் என்பார்கள். பெரும்பாலும் ஒன்று கூடினால் மற்றது குறையும். தோய்த்த எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் செய்வதே, கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து டஃப்னஸை வாங்கத்தான். கண்ணாடி அதன் பிணைப்புகளைக் கணக்கிட்டால் வரும் வலிமையில் சிறு பங்கிலேயே உடைந்துவிடுகிறது. மேற்பரப்பில் உள்ள நுண்ணிய விரிசல்களே காரணம் என்று 1921-இல் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் விளக்கினார். அதனால் பொருளை மட்டும் பார்த்தால் போதாது, கூர்மூலை, துளை, கீறல் எங்கே என்றும் பாருங்கள். இழுவிசையில் உள்ள அகலமான தகட்டில் ஒரு வட்டத் துளை போட்டாலே அதன் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஒரு துண்டுச் செம்புக் கம்பியில் இருக்கிறது. மென்மையான கம்பியாக எடுத்து ஒரு இடத்தில் மடக்குங்கள். அப்புறம் நிமிர்த்துங்கள். மடக்கிய அதே இடம் நிமிராது. அதன் இரு பக்கமும்தான் வளைந்துகொடுக்கும். மடங்கிய இடம் அதற்குள் கெட்டிப்பட்டுவிட்டது. படிகத்துக்குள் அணு வரிசைகள் பிசகிய கோடுகளை டிஸ்லொகேஷன் என்கிறோம். அவை நகர்வதால்தான் உலோகம் வளைகிறது. வளைக்க வளைக்க அவை பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர முடியாமல் நிற்கின்றன. இப்போது கம்பியைச் செந்நிறம் வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். கையில் எடுத்தால் மறுபடி மெத்தென்று இருக்கும்! தண்ணீரில் தோய்த்தால் எந்த உலோகமும் கெட்டியாகும் என்று நினைப்பவர்கள் இங்கே திகைத்துப்போவார்கள். எஃகு கெட்டியாவது, அதன் படிக அமைப்பு குளிரும் வேகத்தில் மாறி, கார்பன் அணுக்கள் நடுவில் மாட்டிக்கொள்வதால். செம்பில் அந்த மாற்றமே இல்லை. ஆக, 'செம்பின் வலிமை இவ்வளவு' என்று அட்டவணையில் ஒரே எண்ணைப் பார்த்தால், எந்த நிலையில் இருக்கும் செம்பு என்று கேளுங்கள்.

எந்த வெப்பநிலையில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், அமைதியான நீரில் கட்டிவைத்திருந்த ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் திடீரென்று நடுவில் பிளந்தது. புயலும் இல்லை, மோதலும் இல்லை. சாதாரண எஃகு குளிரில் நொறுங்கும் குணத்துக்கு மாறுகிறது. வெல்டிங் குறையில் தொடங்கிய விரிசலுக்கு அது போதும். அலுமினியத்துக்கு இந்தக் குளிர்ப் பயம் இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப வரும் சுமையில் அதுதான் கவலை தரும். எஃகுக்கு, அரிப்பு இல்லாத சூழலில், ஒரு தகைவு எல்லைக்குக் கீழே எத்தனை கோடி முறை ஆடினாலும் பழுதில்லை. அலுமினியத்துக்கு அப்படியொரு தெளிவான எல்லை கிடையாது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவே பிடிக்காது என்பதும் பெயரை நம்பிச் செய்யும் தவறு. குறைந்தது 10.5 சதவீதக் குரோமியம் இருப்பதால் மேலே சில நானோமீட்டர் ஆக்சைடு படலம் உருவாகிக் காக்கிறது. கீறினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனால் தானே மூடிக்கொள்ளும். உப்பு நீர் அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். வாஷருக்கு அடியில் ஆக்சிஜன் எட்டாத இடுக்கில் படலம் மறுபடி உருவாக வழியில்லை. பளபளக்கும் தலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் போல்ட்டைக் கழற்றி அடியில் பாருங்கள்.