பெரிய ஸ்டாலுக்குப் பழைய பேனர்களே போதும், ஒரு சுவர் மட்டும் புதிதாகச் செய்யுங்கள்

கண்காட்சியில் உங்கள் நிறுவனத்துக்கு இதுவரை 3×3 மீட்டர் ஸ்டால், இந்த முறை 6×3 எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஒரு பாப்-அப் சுவர் (மடக்கி விரிக்கும் சட்டத்தில் மாட்டிய பெரிய பேனர்), மூன்று நான்கு ரோல்-அப் ஸ்டாண்டி (சுருளிலிருந்து மேலே இழுத்து நிறுத்தும் பேனர்), ஒரு கவுன்டர், ஒரு டிவி. எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தால் இடம் நிரம்பிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். செய்யாதீர்கள். அப்படிப் பரப்பி வைத்த ஸ்டால், குடிவந்த அன்றைக்குச் சாமான் பிரிக்காமல் கிடக்கும் வீடு மாதிரி இருக்கும். பழையதையெல்லாம் ஒரு பக்கமாகச் சேருங்கள், புதுச் செலவை ஒரே ஒரு பெரிய சுவரில் போடுங்கள், மிச்ச இடம் வருகிறவர்கள் நிற்பதற்கு.

முதல் வேலை, எல்லாவற்றையும் விரித்து வைத்து டேப்பால் அளப்பது. பழைய டிசைன் ஃபைலில் இருக்கும் அளவை நம்ப வேண்டாம், சட்டத்தையே அளந்து எழுதுங்கள். ரோல்-அப் பெரும்பாலும் 85 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரம். பாப்-அப் அதைவிடக் கொஞ்சம் உயரம். ஷெல் ஸ்கீம் சுவரோ, அதாவது கண்காட்சி நடத்துபவர்களே ஸ்டாலுக்குக் கட்டித்தரும் தடுப்புச் சுவர், வழக்கமாக 2.5 மீட்டர். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேல்விளிம்பு படிக்கட்டாகத் தெரியும், ஸ்டால் ஒட்டுப்போட்டது என்று தூரத்திலேயே காட்டிக்கொடுப்பது இதுதான். ஸ்டாண்டிகளுக்கு மேலே மிஞ்சும் அரை மீட்டரில் சுவரின் முழு நீளத்துக்கும் ஒரே நிறத்தில் ஒரு பட்டை ஓடவிட்டு, அதில் நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டுப் பாருங்கள், கீழே இருப்பதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

அடுத்தது நிறம். பழைய பிரின்ட் கொஞ்சமாவது வெளுத்திருக்கும், புதியதை அதே நிறக் குறியீட்டில் அடித்தாலும் ஒத்துவராது, அதுவும் ஒன்று துணி, இன்னொன்று வினைல் என்றால் சுத்தமாக வராது. அதனால் இரண்டையும் ஒட்டி வைக்கவே வேண்டாம். நடுவில் டிவியோ அலமாரியோ, எழுத்தே இல்லாத சாம்பல் நிறப் பேனலோ வந்தால் கண் ஒப்பிட்டுப் பார்க்காது. விளக்குகளும் ஒரே ரகமாக இருக்கட்டும். பழைய மஞ்சள் ஸ்பாட்லைட் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு), புதிய வெள்ளை விளக்கு 6500 என்றால் ஒரே சிவப்பே இரண்டு சிவப்பாகத் தெரியும்.

புதுச் சுவருக்கு அலுமினியச் சட்டத்தில் துணி மாட்டும் வகை நல்லது, அடுத்த முறை துணியை மட்டும் மாற்றினால் போதும். பழைய பாப்-அப்பின் சட்டம் நன்றாக இருந்தால் அதற்கும் துணி மட்டும் புதிதாக அடிக்கலாம், இதைக் கேட்காமலேயே பலர் முழு செட்டையும் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போது தீத்தடுப்புச் சான்றிதழ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பல அரங்குகளில் அது இல்லாத துணியை மாட்ட விடமாட்டார்கள். தலைப்பு எழுத்துக்கு, 3 மீட்டர் தூரத்துக்கு 2.5 செ.மீ. உயரம் என்ற கணக்கு போதும். இடுப்புக்குக் கீழே எதையும் எழுத வேண்டாம், அதை மேசையும் ஆட்களும் மறைத்துவிடுவார்கள்.

மூலை ஸ்டால் என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது. இரண்டு பக்கம் திறப்பு, அதனால் ரோல்-அப்பின் பின்பக்கம், அந்த வெள்ளைத் துணியும் கம்பியும், நடைபாதையில் போகிறவர்களுக்கு அப்படியே தெரியும். முதுகோடு முதுகாக இரண்டை நிறுத்துங்கள், இல்லையென்றால் சுவரை ஒட்டி வையுங்கள். முன்பக்கத்தில் உயரமான தடுப்புகள் வைக்கலாமா என்று கண்காட்சியின் விதிப்புத்தகத்தில் பார்த்துவிடுங்கள், பக்கத்து ஸ்டாலை மறைக்கக்கூடாது என்று பல இடங்களில் கட்டுப்பாடு உண்டு.

இவ்வளவும் காகிதத்தில் சரியாக வந்த பிறகு, ஏதாவது காலித் தரையில் மாஸ்கிங் டேப்பால் 6×3 வரைந்து, கவுன்டரை வைத்து, நாலு பேரை உள்ளே நிற்கச் சொல்லுங்கள். கவுன்டரை வாசலுக்குக் குறுக்கே போட்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். அதை ஓரமாகத் தள்ளுங்கள். காலி அட்டைப்பெட்டி, பை, தண்ணீர் பாட்டில் வைக்கப் புதுச் சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் விட்டுக் கதவு போட்டுக்கொள்ளுங்கள். பிளக் பாயின்ட் எங்கே வேண்டும் என்பதையும் இந்த டேப் கோட்டை வைத்தே குறித்து, கண்காட்சி நடத்துபவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், வேலை நடக்கும் நாளில் மாற்றக் கேட்டால் தனிக் கட்டணம் வரும்.

அப்புறம், எந்தத் துண்டு எந்தப் பையில் என்று சீட்டு எழுதி ஒட்டி வைக்கும்போது, 3×3 ஸ்டாலுக்குத் தேவையானதை மட்டும் தனியாகக் கட்டுங்கள். சின்னக் கண்காட்சி வந்தால் அந்தப் பைகளை மட்டும் எடுத்துப் போகலாம்.