வைன் கூலர்: சென்சாரை மாற்றும் அவசரத்தில் நடக்கும் தவறுகள்

டிஸ்ப்ளே 12 டிகிரி காட்டுகிறது, பாட்டிலைத் தொட்டால் குளிர்ச்சியே இல்லை. உடனே வெப்பத்தை அளக்கும் "சென்சார் போச்சு" என்று புதுசுக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து ஒரு நாள் பொறுங்கள். கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் காற்றின் வெப்பம் சில நிமிடத்தில் மாறிவிடும். பாட்டிலுக்குள் இருக்கும் வைன் மாற மணிக்கணக்காகும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் அது காட்டுவதை டிஸ்ப்ளேயோடு ஒப்பிடுங்கள். மேல்தட்டும் கீழ்தட்டும் ஓரிரு டிகிரி வேறுபட்டால் அது கோளாறு அல்ல.

கம்ப்ரஸர் இல்லாத சின்ன கூலர்களில் இன்னொரு விஷயம். பெல்டியர் முறையில் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) இயங்கும் அவற்றால் அறை வெப்பத்திலிருந்து ஓரளவுதான் கீழே இறங்க முடியும். அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது 12 கேட்டால் எந்தச் சென்சாரைப் போட்டாலும் கிடைக்காது. பின்பக்க ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் சென்சாருக்கு வருவோம். பெரும்பாலும் அது என்டிசி வகை: குளிரக் குளிர அதன் ஓம் மதிப்பு, அதாவது மின்தடை, ஏறும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை, ஐஸ் தண்ணீரில் ஏறக்குறைய 32 கிலோ ஓம் காட்டும். கூலரைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் போர்டில் சென்சார் செருகியிருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்தால் போர்டின் சர்க்யூட்டும் சேர்ந்து தப்புக் கணக்கு வரும். பிளக்கைப் பிடுங்கி, கனெக்டரைக் கழற்றி அளக்க வேண்டும். முனையை விரலில் பிடித்துக்கொண்டு அளக்கவும் கூடாது. உடம்புச் சூட்டில் மதிப்பு இறங்கிவிடும். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முனையை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு 5 நிமிடம் அமிழ்த்துங்கள். மதிப்பு சீராக ஏற வேண்டும். தாவித் தாவி ஏறினால் சென்சாரோ வயரோ போய்விட்டது.

"அளவு பொருந்துது" என்று கிடைத்ததை வாங்கி மாட்டுவதுதான் எனக்கு ரொம்ப வருத்தம் தரும் தவறு. 10 கிலோ ஓம் இடத்தில் 5 கிலோ ஓம் மாட்டினால், உள்ளே இருப்பதைவிட மிக அதிக வெப்பம் இருப்பதாகப் போர்டு நினைக்கும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். வைன் உறைந்து விரிந்தால் கார்க்கையே வெளியே தள்ளிவிடும். பழைய சென்சாரின் பார்ட் நம்பரைப் பார்த்தே வாங்குங்கள்.

வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயிண்டும் இதே வேலையைச் செய்யும். ஒரு வீட்டில் டிஸ்ப்ளே 18-லேயே நின்றது, பாட்டில்களோ சில்லென்று இருந்தன. டேப்பைப் பிரித்தேன், உள்ளே ஈரம், செம்புக் கம்பி பச்சைப் பூத்திருந்தது. ஈரத்தின் வழியே கசிவு ஏற்பட்டு ஓம் மதிப்பு இறங்கியிருந்தது. சால்டர் வைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டபின் சரியாகிவிட்டது.

புதுச் சென்சாரைப் பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள். பின்சுவரில் ஒட்டினால் சுவர் சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸர் முன்கூட்டியே நின்றுவிடும், பாட்டில் குளிராது. கிளிப்பை நெம்ப ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்த வேண்டாம்: பல கூலர்களில் குளிரூட்ட இருக்கும் ஆர்-600ஏ தீப்பற்றும் வாயு, குழாய் ஓட்டையானால் ஆபத்து. மாட்டியதும் செட்டிங்கைத் திருகாமல் 24 மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி அந்தத் தண்ணீர் டம்ளரைப் பாருங்கள்.