டிஷியனின் கிரேக்கப் புராண ஓவியத்தை ஜிக்சா புதிராக அடுக்கும் முறை

கிரேக்கப் புராணக் காட்சிகள் அச்சிடப்பட்ட ஜிக்சா புதிர்களுள், முதன்முறையாக அடுக்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த ‘பேக்கஸும் ஆரியாட்னியும்’ என்ற ஓவியம். இத்தாலிய நகரமான ஃபெராராவின் கோமகன் முதலாம் அல்ஃபோன்சோவின் அரண்மனை அறைக்காக 1520க்கும் 1523க்கும் இடையில் வரையப்பட்ட இவ்வோவியம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு ஒரு கோடு இழுத்தால், கோட்டுக்கு மேலே நீல வானமும் கடலும், கீழே மரங்களும் மனிதக் கூட்டமும் அமையும்படி டிஷியன் இதை வகுத்திருப்பதால், துண்டுகளைப் பிரிக்கும் வேலையில் பாதியை ஓவியரே செய்து கொடுத்துவிட்டார் எனலாம்.

1. பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு 500 துண்டுகள் போதும். ஓரளவு பொறுமை உள்ளவர்கள் 1000 துண்டுப் பெட்டியையே வாங்கலாம். மூல ஓவியம் 176.5 செ.மீ. உயரமும் 191 செ.மீ. அகலமும் கொண்டது, அதாவது ஏறத்தாழச் சதுரம். 1000 துண்டுப் புதிர்களோ பெரும்பாலும் 70 செ.மீ.க்கு 50 செ.மீ. என்ற நீள்சதுர அளவில் வருகின்றன. ஆகவே மேலும் கீழும் வெட்டப்பட்ட படமா என்பதைப் பெட்டியின் மூடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல் இடப்பக்க வானில் வட்டமாக நிற்கும் விண்மீன்கள் வெட்டுப்பட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் தவிர்ப்பதே நல்லது, ஏனெனில் கதையின் முடிவு அங்கேதான் இருக்கிறது.

2. கதையைத் தெரிந்துகொள்ளுதல்

காளைத்தலை அரக்கனான மினோட்டாரைக் கொல்லத் தனக்கு உதவிய ஆரியாட்னியை நக்சோஸ் தீவில் கைவிட்டுத் தீசியஸ் கப்பலேறிவிடுகிறான். அப்போது அங்கே வரும் மதுக்கடவுள் டயோனிசஸ், அதாவது ரோமர்களின் பேக்கஸ், அவளைக் கண்டு காதல்கொண்டு தேரிலிருந்து குதிக்கிறான். பின்னர் அவளுடைய மணிமுடி வானில் விண்மீன் கூட்டமாகிறது. இக்கதை தெரிந்தவருக்கு, நீலத்தின் நடுவே வெண்ணிறப் பொட்டு உள்ள துண்டு கையில் கிடைத்தால், அது ஆரியாட்னியின் தோளுக்கு அப்பால் விலகிச் செல்லும் கப்பலின் பாயாக இருக்கலாம் என்று உடனே தோன்றும்.

3. விளிம்பும் பிரிப்பும்

எல்லாத் துண்டுகளையும் படம் மேலே தெரியும்படி திருப்பி வைத்து, ஒரு பக்கம் நேராக வெட்டப்பட்டவற்றைத் தனியே எடுங்கள். 1000 என்று அச்சிட்டிருந்தாலும் 38க்கு 27 என்ற வரிசையில் 1026 துண்டுகளாக வெட்டும் வழக்கம் பரவலாக உண்டு. அவ்வாறு இருந்தால் விளிம்புத் துண்டுகள் மூலைகளையும் சேர்த்து 126 இருக்கும். விளிம்புச் சட்டத்தை முடித்த பின், எஞ்சியவற்றைத் தட்டுகளில் நிறவாரியாகப் பிரியுங்கள். வானம், கடல், ஆரியாட்னியின் ஆடை ஆகிய மூன்றும் நீலமாக இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பினால் குழப்பமே மிஞ்சும். ஆடைத் துண்டுகளில் மடிப்புகளின் நிழல் இருக்கும் என்பதே அவற்றைப் பிரித்தறியும் வழி.

4. உருவங்களை அடுக்குதல்

முதலில் பேக்கஸின் இளஞ்சிவப்பு மேலாடையைத் தொடங்குங்கள், படத்தின் நடுவில் அந்நிறம் தனித்துத் தெரியும். அடுத்து ஆரியாட்னியின் நீல ஆடைமீது கிடக்கும் சிவப்புத் துகில், பிறகு தேரில் பூட்டிய இரண்டு சிவிங்கிப்புலிகள். ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடியது வேங்கைகளை. டிஷியன் சிவிங்கிகளாக மாற்றியது புதிர் அடுக்குபவருக்கும் நன்மையாயிற்று, ஏனெனில் புள்ளிகள் கொண்ட துண்டுகளை வேறெங்கும் வைக்க இயலாது. கீழ் இடது மூலையில் மஞ்சள் துணியின்மேல் கிடக்கும் கலசத்தில் ஓவியரின் பெயர் இருப்பதால், எழுத்து தெரியும் துண்டுகளும் எளிதில் சேரும்.

வலப்பக்க ஊர்வலத்தில்தான் நிதானம் தேவை. பாம்புகள் சுற்றிய மனிதன், கைத்தாளம் தட்டும் பெண், கன்றின் தலையை இழுத்துவரும் சிறுவன், அவனைப் பார்த்துக் குரைக்கும் கரிய நாய் எனத் தனித்தனித் தீவுகளாகச் சேர்த்து, பின்னர் அவற்றை இணையுங்கள். பாம்பு மனிதனின் முறுகிய தோரணை 1506இல் ரோமில் கண்டெடுக்கப்பட்ட, பாம்புகளோடு போராடும் மனிதர்களைக் காட்டும் லாவோகூன் என்ற பழங்காலச் சிற்பத்தை நினைவூட்டுவது. அச்சிற்பத்தின் படத்தை ஒருமுறை பார்த்திருந்தால் கை எது, பாம்பு எது என்ற தடுமாற்றம் குறையும்.

5. மரங்களும் வானமும்

பலரும் வானத்துக்கே அஞ்சுகிறார்கள். என் கணிப்பில் ஊர்வலத்துக்கு மேலுள்ள மர இலைகளே அதைவிடக் கடினம். இலைகளைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் அடுக்குங்கள், மஞ்சள் விளக்கொளியில் பச்சையும் பழுப்பும் ஒன்றாகிவிடும். ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லசூலி கல்லை அரைத்தெடுத்த விலைமிக்க நீலத்தால் தீட்டப்பட்ட வானத்தில் மேகங்களை முதலில் சேர்த்துவிட்டு, எஞ்சிய நீலத் துண்டுகளை நீட்டங்களின், அதாவது பக்கங்களில் வெளியே நீண்டிருக்கும் குமிழ்களின், எண்ணிக்கைப்படி வகைப்படுத்துங்கள். எதிரெதிரே இரண்டு நீட்டங்கள் உள்ளவை ஒரு வரிசை, அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு உள்ளவை ஒரு வரிசை, மூன்று உள்ளவை ஒரு வரிசை என்று வைத்து, காலியிடத்தின் வடிவத்துக்குப் பொருந்தும் வரிசையை மட்டும் சோதித்தால் போதும். அழுத்தித் திணிக்க வேண்டிய துண்டு அந்த இடத்துக்கு உரியதன்று.

முடித்ததைக் கலைத்து மீண்டும் அடுக்க விரும்பினால், நீலப் பகுதியையும் ஊர்வலப் பகுதியையும் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். சுவரில் மாட்டுவதாயின், புதிருக்கென விற்கப்படும் பசையை மேற்பரப்பில் மெல்லியதாகப் பூசி, முழுவதும் உலர்ந்த பின்னரே நகர்த்துங்கள்.