டயர் மாற்றும்போது அளவில் செய்யும் தவறுகள்

டயர் தேய்ந்ததும் நம்மில் பலர் செய்வது இதுதான். வண்டியில் இருக்கும் டயரை செல்போனில் படம் எடுத்து, கடைக்காரரிடம் காட்டி, "இதே சைஸ்ல நாலு கொடுங்க" என்போம். ஷோரூமிலிருந்து நீங்களே எடுத்த வண்டி என்றால் சரி. செகண்ட் ஹேண்ட் வண்டியில் இதை நம்பவே கூடாது. முன்பு வைத்திருந்தவர் அளவை மாற்றியிருக்கலாம். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், பொதுவாக அந்தக் கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வண்டிக்கு நிறுவனம் கொடுத்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். படம் எடுக்க வேண்டியது அதைத்தான். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள்.

வண்டியின் பெயரை மட்டும் சொல்லி டயர் கேட்பதும் தவறு. மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த கீழ் வேரியண்ட்டில் 165/80 ஆர்14, விலை கூடிய மேல் வேரியண்ட்டில் 185/65 ஆர்15. ரிம் அளவே வேறு.

அதிகம் பேர் தடுமாறுவது நடுவில் இருக்கும் எண்ணில்தான். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., ரிம்முக்கு வெளியே தெரியும் பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக அது இரண்டு முறை வரும்: 264. அதோடு 14 அங்குல ரிம், அதாவது 355.6 மி.மீ. சேர்த்தால் டயரின் மொத்த உயரம் 619.6 மி.மீ. இதே கணக்கை 185/65 ஆர்15-க்குப் போட்டால் 621.5 வரும். ரிம் ஒரு அங்குலம் பெரிதாகியும் மொத்த உயரத்தில் 2 மி.மீ. கூட வித்தியாசமில்லை. ரிம் வளர்ந்த அளவுக்குப் பக்கச்சுவரைக் குறைத்திருக்கிறார்கள். டயர் அளவை மாற்றுவதில் அடிப்படையே இதுதான்.

இதைக் கவனிக்காமல், "14 ரிம்தானே, 175/65 இருக்கு, போட்டுக்கலாம் சார்" என்று கடையில் சொல்வதற்குத் தலையாட்டினால் என்ன ஆகும்? அதன் உயரம் 583 மி.மீ. கிட்டத்தட்ட 6 சதவீதம் குறைவு. வண்டி 18 மி.மீ. கீழே இறங்கும், நம் ஊர் வேகத்தடைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 100 காட்டும்போது வண்டி உண்மையில் 94-ல்தான் போகும். ஓடிய கிலோமீட்டரும் கூடுதலாகப் பதிவாகும். மைலேஜ் ஏறிவிட்டதுபோல் தெரியும், உண்மையில் ஏறியிருக்காது. பெரிய டயர் போட்டால் இது தலைகீழாகும்: மீட்டர் காட்டுவதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். இதை நான் இன்னும் ஆபத்தாகப் பார்க்கிறேன். மொத்த உயரத்தில் 3 சதவீத வித்தியாசம் வரை பரவாயில்லை என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் வரம்பு. தேவையில்லாமல் அந்த வரம்பு வரைக்கும் போக வேண்டாம்.

அளவுக்குப் பக்கத்தில் 88எச் என்பதுபோல் ஒன்று இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 88 என்றால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 85 என்றால் 515, 82 என்றால் 475. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வேகத்துக்கானது, டி என்பது 190-க்கு. "நான் எங்கே 190-ல போகப்போறேன்" என்று சிலர் கேட்பார்கள். எழுத்தை விடுங்கள், எண்ணைப் பாருங்கள். ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, மே மாத வெயில், நாலுவழிச் சாலை. சுமைக்குப் போதாத டயர் சூடேறி வெடிப்பது இந்த மாதிரி நேரத்தில்தான். நிறுவனம் கொடுத்த எண்ணைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

அகலமான டயர் பார்க்க அழகுதான். ஆனால் 205 அகல டயருக்குப் பொதுவாகக் குறைந்தது 5.5 அங்குல அகலமுள்ள ரிம் வேண்டும். ஒடுங்கிய ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் பிதுங்கும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் எங்காவது உரசும். அகலம் கூடக் கூட, தேங்கிய மழைத் தண்ணீரில் டயர் மிதக்கும் வாய்ப்பும் கூடும். அப்சைஸ் செய்தே, அதாவது பெரிய அளவுக்கு மாறியே ஆக வேண்டுமென்றால், உங்கள் மாடலின் மேல் வேரியண்ட்டுக்குரிய ரிம்மும் டயரும் சேர்த்து வாங்குங்கள். நிறுவனமே சோதித்துப் பார்த்துக் கொடுத்த அளவு அது.

இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறீர்களா? ஒரே அச்சில் இருக்கும் இரண்டும் ஒரே அளவு, ஒரே பிராண்ட், ஒரே மாடலாக இருக்கட்டும். புதிய ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள், முன் சக்கரத்தில் இழுக்கும் வண்டியாக இருந்தாலும் சரி. ஈரச்சாலையில் முன்சக்கரம் பிடி விட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம்; பின்சக்கரம் விட்டால் வண்டியே சுழன்றுவிடும்.

அப்புறம் ஸ்டெப்னி. அலாய் வீல் உள்ள பல வண்டிகளில் அது வேறு அளவில் இருக்கும். மணிக்கு 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதே என்று அதில் எழுதியிருந்தால், பஞ்சர் கடை வரை போக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் கடையில் வழக்கமாக ஒரே அளவாகக் காற்று அடித்து அனுப்பப் பார்ப்பார்கள். ஸ்டிக்கரில் உள்ள அழுத்தத்தைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். மேல் வேரியண்ட்டின் அளவுக்கு மாறியிருந்தால், அந்த வேரியண்ட்டுக்குக் கையேட்டில் கொடுத்திருக்கும் அழுத்தம்தான் இனி உங்களுக்கும்.