மணிக்கட்டு எக்ஸ்ரேயில் முஷ்டியை இறுக்குங்கள்

கையை ஊன்றி விழுந்து, சாதாரண எக்ஸ்ரே சரியாக இருந்தும் மணிக்கட்டு வலிக்கிறதா? எம்ஆர்ஐக்குப் பல நூறு ரிங்கிட் கட்டுமுன், முஷ்டியை இறுக்கிய நிலையில் இரண்டு கைகளையும் படமெடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பினாங்கு மழையில் மோட்டார் சறுக்கி விழுபவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முஷ்டி இறுகும்போது மணிக்கட்டின் கேபிடேட் எலும்பு, ஸ்கேபாய்டு, லூனேட் என்ற பக்கத்துப் பக்கத்துச் சிறு எலும்புகள் இரண்டுக்கும் நடுவே ஆப்புபோல் அழுத்துகிறது. அவற்றைக் கட்டும் இணைப்புநார் கிழிந்திருந்தால், ஓய்வில் தெரியாத இடைவெளி விரியும். அது 3 மி.மீ.க்கு மேல் போய், மறு கையில் அப்படி இல்லையென்றால் சந்தேகம் வலுக்கும். பக்கவாட்டுப் படத்தில் ஸ்கேபாய்டுக்கும் லூனேட்டுக்கும் இடையிலான கோணமும் முக்கியம். 30 முதல் 60 டிகிரி இயல்பு.

எலும்பு முறிந்த, மூட்டு விலகிய கையில் இது வேண்டாம். வலியால் அரைகுறையாகப் பிடித்தால் படம் ஏமாற்றும். இடைவெளி தெரியாவிட்டாலும் நார் முழுசாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.